“சித்தமில்லாமல் குருவிகூட விழாது” என்றால், என் மாமா செய்தது யார் குற்றம்?

கோரிப்பாளையம்காரன் | ஞாயிறு, இரவு 9.40

வீட்டு விஷயத்தை வெளியே பேசுவது சரியில்லைதான். ஆனாலும் ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் பதினோரு பவுன் நகையை ஒரு மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லி என் தாய்மாமா வாங்கிப் போனார். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நகை அடகுக் கடையில் இருக்கிறது, பணம் சீட்டாட்டத்தில் போய்விட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டில் கூடினோம். மாமா சபையில் மூப்பர், ஜெபித்தால் கூட்டமே அழும். டீ ஆறி ஆடை கட்டுகிற வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, “பிதாவோட சித்தமில்லாம ஒரு குருவிகூட தரையில விழாது மாப்ள. இதையும் அவர் அனுமதிச்சுத்தான் இருக்காரு” என்றார். அம்மா “ஆமென்” என்றுவிட்டார். கூட்டம் கலைந்தது.

பணத்துக்கு வழி கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எல்லாம் அவர் சித்தப்படி நடக்கிறது என்றால் மாமா எப்படிப் பாவி? மாமா தன் இஷ்டத்துக்குச் செய்தார் என்றால், ஆண்டவர் கையை மீறி ஒன்று நடந்திருக்கிறதா? “அது மறைபொருள் பிரதர்” என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அதைப் போதகரிடமே கேட்டுவிட்டேன்.

(மட்டுறுத்துநர்: மாமாவின் ஊரையும் சபையையும் காட்டும் வரியை நீக்கியிருக்கிறேன்.)

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, நான் சீர்திருத்த சபைப் போதனையில் வளர்ந்தவன். தேவன் எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கிறார் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறவர்கள் நாங்கள். எங்கள் போதனையைத் தொகுத்து 1646இல் முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, மூன்றாம் அதிகாரம், முதல் வரியே அதுதான். ஆனால் அதே வாக்கியம் மூச்சு விடாமல் இன்னும் மூன்று சொல்கிறது: தேவன் பாவத்துக்குக் காரணர் அல்ல, படைக்கப்பட்டவர்களின் சித்தம் பலவந்தம் செய்யப்படவில்லை, தேவனுக்குக் கீழே இயங்குகிற இரண்டாம் நிலைக் காரணங்களின் சுதந்திரம் பறிபோகவில்லை. உங்கள் மாமா முதல் பாதியை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டார்.

வைகை அணையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த உயரம் 71 அடி. மதகு மூடியிருக்கிற வரை தண்ணீர் நிற்கும், திறந்தால் பள்ளத்தைப் பார்த்து ஓடும். பள்ளத்தைப் பார்த்து ஓடுவது தண்ணீரின் குணம், மதகு கொடுத்தது இல்லை. இஸ்ரவேலரை விட மறுத்த எகிப்து ராஜா பார்வோனின் இருதயத்தைக் கர்த்தர் “கடினப்படுத்தினார்” என்று வேதம் சொன்னால், உள்ளே புதிதாகத் தீமையை ஊற்றினார் என்று அர்த்தமில்லை, தடுத்துப் பிடித்திருந்த கையை எடுத்தார் என்றுதான் அர்த்தம்.

பீபீகுளம் | ஞாயிறு, இரவு 10.32

நடு ராத்திரியில் சொல்லாமல் மதகைத் திறந்து கரையோர வீடுகள் போனால், “தண்ணீரின் குணம் சார்” என்று பொறியாளர் சொல்லலாமா? கலெக்டர் ஆபீஸில் அந்தப் பதில் எடுபடாது அண்ணே.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10.50

சொல்லாமல் திறப்பதில்லையே. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. பார்வோனுக்கும் முதல் வாதையிலேயே முடித்துவிடவில்லை.

ஞாயிறுபள்ளி டீச்சர் | திங்கள், காலை 6.05

பார்வோன் பெயர் வந்துவிட்டதால் நானும் வருகிறேன். போன வருடம் பிள்ளைகளுக்காக ஒரு சார்ட் பேப்பரில், யாத்திராகமத்தில் எகிப்தின்மேல் வந்த பத்து வாதைகளையும் எழுதினோம். “பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான்” என்று வந்தால் சிவப்பு, “கர்த்தர் கடினப்படுத்தினார்” என்று வந்தால் நீலம், யார் என்று சொல்லாமல் “கடினப்பட்டது” என்று வந்தால் பென்சில்.

இரத்தம், பென்சில். தவளை, சிவப்பு (8:15). பேன், பென்சில். வண்டு, சிவப்பு. கால்நடைச் சாவு, பென்சில். ஆறாவதான கொப்புளத்தில்தான் முதல் நீலம் வருகிறது (9:12). கல்மழையில் மறுபடி சிவப்பு. வெட்டுக்கிளியிலிருந்து கடைசி வரை நீலம்தான். சுவரில் மாட்டிவிட்டு நாலு அடி தள்ளி நின்று பார்த்தால், ஒரு மனுஷன் தானாக இறுகி இறுகி, ஒரு கட்டத்தில் இறுகவே விடப்படுகிற மாதிரி தெரியும். எபிரேயத்தில் 8:15இல் இருக்கிற சொல்லுக்கு ‘கனமாக்குதல்’ என்று பொருள், 9:12இல் இருப்பதற்கு ‘பலப்படுத்துதல்’. ஏற்கெனவே எடுத்த முடிவில் நிற்கத் தெம்பு கொடுத்தார் என்றுகூட அதைப் படிக்கலாம்.

இவ்வளவும் அழகாகச் சொல்லி முடித்தேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “மிஸ், 4:21லயே கர்த்தர் ‘நான் கடினப்படுத்துவேன்’னு சொல்லிட்டாரே, அப்போ வாதையே ஆரம்பிக்கலையே” என்றாள். நீல பேனாவை எடுத்து சார்ட்டின் தலையில் அந்த வசனத்தையும் எழுதினேன். அந்த சார்ட் இன்னும் அப்படியேதான் தொங்குகிறது.

வைகைக்கரை அண்ணாவுக்கு ஒன்று. எல்லா வாதைக்கும் எச்சரிக்கை இல்லை. மூன்று, ஆறு, ஒன்பது மூன்றும் சொல்லாமலே வந்தன.

கீழவெளி வீதி | திங்கள், காலை 11.20

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து கொஞ்சம். இந்தச் சண்டை எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது. 1588இல் மோலினா என்கிற ஸ்பானிய இயேசு சபைக் குரு ஒரு புத்தகம் போட்டார். எந்தச் சூழ்நிலையில் எந்த மனிதன் சுதந்திரமாக எதைத் தேர்ந்தெடுப்பான் என்று கடவுளுக்கு முன்பே தெரியும், அதை அறிந்தே உலகை நடத்துகிறார் என்பது அவர் கட்சி. இது கடவுளை மனிதனுக்குக் காத்திருக்க வைக்கிறது என்று தோமினிக்கன் சபைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ரோமில் வருடக்கணக்காக விசாரணை நடந்தது. கடைசியில் 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல், இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டனம் செய்யக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். தீர்ப்பே இல்லை!

எனக்கு இதில் பிடித்த சங்கதி, அதற்கு முந்தின வருடம், 1606 நவம்பரில், இன்னொரு இயேசு சபைக் குரு மதுரைக்கு வந்து இறங்கினார் என்பதுதான். ராபர்ட் தெ நோபிலி. அவருடைய சபை ரோமில் விருப்புரிமைக்காக வாதாடிக்கொண்டிருக்க, அவர் இங்கே காவி கட்டி, தமிழ் படித்து, முன்வினையையும் மறுபிறப்பையும் மறுத்து எழுதினார். இந்தப் பிறவியில் இவன் செய்ததற்கு இவன்தான் பொறுப்பு என்று மதுரைக்காரர்களிடம் வாதாட வேண்டிய இடத்தில் அவர் இருந்தார்.

கேள்விக்கு வருகிறேன். தாமஸ் அக்குவினாஸ் ஓர் உதாரணம் சொல்கிறார். கால் வளைந்தவர் நொண்டி நடக்கிறார். நடக்கிற சக்தி உயிரிலிருந்து வருகிறது, நொண்டல் வளைந்த காலிலிருந்து வருகிறது. அடகுக் கடைக்கு நடந்து போகக் காலும் மூச்சும் கொடுத்தது கடவுள்தான். அந்தத் திசையில் போனது மாமா.

பீபீகுளம் | திங்கள், மதியம் 1.10

அந்தக் காலை வளைத்தது யார்?

கீழவெளி வீதி | திங்கள், மதியம் 1.14

அதைத்தான் நாங்கள் ஜென்மப் பாவம் என்கிறோம், ஆதாமிலிருந்து எல்லாருக்கும் வருவது. நீங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

பசுமலை | திங்கள், மாலை 5.30

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சுருக்கமாக இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இதற்கு ஒரே பதிலை எதிர்பார்க்காதீர்கள். மதுரைக்கு 1834இல் வந்தது அமெரிக்க காங்கிரிகேஷனல் மிஷன். எல்லாம் தேவன் முன்குறித்தபடி என்ற கால்வினின் பரம்பரை. 1908இல் பிரஸ்பிடேரியன்களோடு சேர்ந்தோம். 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன்களோடும் மெதடிஸ்டுகளோடும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனோம். மெதடிஸ்டுகளின் ஜான் வெஸ்லிக்கோ முன்குறித்தல் என்ற பேச்சே ஆகாது. 1618-19இல் கால்வின் கட்சியின் டார்ட் மாநாடு, மனித சித்தத்துக்கு இடம் கேட்ட அர்மீனியஸின் சீடர்களைத் தள்ளியது, வெஸ்லி அதே அர்மீனியஸைத் தூக்கிப் பிடித்தார். அந்த இரண்டு கட்சிக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் இப்போது ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஞானப்பாட்டைப் பாடுகிறோம். எந்தத் தாத்தா சொன்னது சரி என்று யாரும் தீர்த்து வைக்கவில்லை, பந்தி மட்டும் ஒன்றாக நடக்கிறது.

இரண்டு, அந்தக் குருவி வசனம். மத்தேயு 10:29இல் நம் பழைய மொழிபெயர்ப்பு “உங்கள் பிதாவின் சித்தமில்லாமல்” என்கிறது. கிரேக்கத்தில் ‘சித்தம்’ என்ற சொல்லே இல்லை. “உங்கள் பிதா இல்லாமல்” என்றுதான் இருக்கிறது. சித்தம் என்று விளக்குவதும் நியாயமே, தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடிப்பட்டு விழுகிற குருவியோடு பிதா இருக்கிறார் என்றும் அதைப் படிக்கலாம். அது குருவிக்குச் சொன்ன ஆறுதல். கவண் வைத்திருந்தவனுக்குச் சொன்னதில்லை.

மானாமதுரை மண் | திங்கள், இரவு 8.45

யாராவது ரோமர் 9ஐ எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். வைகைக்கரை அண்ணன் எடுக்காததே ஆச்சரியம். “மனுஷனே, தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?” களிமண் குயவனைக் கேள்வி கேட்கலாமா என்பது பவுலின் வாதம். எங்கள் வீட்டில் தாத்தா காலம் வரை சக்கரம் சுற்றியது. அதனால் இந்த வசனத்தைப் பிரசங்கிக்கிறவர்களில் பாதிப் பேர் மண்ணைத் தொட்டதே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மண் சும்மா கிடக்கிற சரக்கு இல்லை. கண்மாய் மண்ணைக் கொண்டுவந்து, காயவைத்து, ஊறப்போட்டு, காலால் மிதிக்க வேண்டும். மிதிக்கும்போது குதிகாலில் உறுத்துகிற ஒவ்வொரு கல்லையும் பொறுக்கிப் போட வேண்டும். ஒரு மிளகு அளவு சுண்ணாம்புக் கல் தங்கிவிட்டால் போச்சு. சக்கரத்தில் பானை அழகாக எழும்பும், நிழலில் காயும், தட்டுப்பலகையால் தட்டும்போதுகூடத் தெரியாது. சூளையில் வெந்து வந்த பிறகு, அந்த இடம் மட்டும் பொரிந்து தெறிக்கும். கடம் என்றால் இன்னும் கஷ்டம். சுவர் கனம், தட்டித் தட்டி இறுக்கியது. தெறித்தால் இத்தனை நாள் வேலையும் பாழ். அப்போது தாத்தா யாரைத் திட்டுவார் தெரியுமா? மண்ணை இல்லை, மிதித்தவனை. அதாவது பெரும்பாலும் என் அப்பாவை.

இதனால்தான் ரோமர் 9ஐ வைத்து வாயை அடைக்கிறவர்களிடம் எனக்கு மனத்தாங்கல். பவுல் அந்தப் படத்தை எரேமியாவின் ஊரிலிருந்து எடுத்தார். எரேமியா 18இல் பாண்டம் குயவன் கையிலேயே கெட்டுப்போகிறது. அவன் அதைத் தூக்கி எறியவில்லை, வேறே பாண்டமாக வனைகிறான். உடனே கர்த்தர் சொல்கிறார், ஒரு ஜாதி தன் தீங்கைவிட்டுத் திரும்பினால் நானும் செய்ய நினைத்ததைவிட்டு மனம் மாறுவேன் என்று. ஈர மண்ணுக்கு இன்னும் வழி இருக்கிறது. அடுத்த அதிகாரத்தைப் பாருங்கள், 19. அங்கே எரேமியா கையில் இருப்பது சூளையில் வெந்த கலசம். அதைத் திருப்பி வனைய முடியாது, உடைக்கத்தான் முடியும். டீச்சருடைய சார்ட்டில் சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகிற இடம் எனக்கு இப்படித்தான் தெரிகிறது. ஈரம் போன நேரம் அது.

வைகைக்கரை | திங்கள், இரவு 9.20

பவுல் எரேமியாவை மட்டும் நினைத்து எழுதவில்லை, ஏசாயா 29, 45 இரண்டிலும் குயவன் இருக்கிறான். “ஒரே பிண்டத்திலிருந்து” கனமான பாத்திரமும் கனவீனமான பாத்திரமும் குயவன் செய்யலாம் என்று அவர் சொல்வதை நீங்கள் தாண்டிப் போகிறீர்கள். ஆனால் சுண்ணாம்புக் கல் விஷயம் எனக்குத் தெரியாது. அதை யோசிக்க வேண்டும்.

சுயபுத்தி | திங்கள், இரவு 11.55

கடவுளே இல்லை என்று சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் ஒன்றுமே இல்லை. மாமா திருடன், அவ்வளவுதான்.

பீபீகுளம் | செவ்வாய், காலை 7.00

அப்போதும் “என் மூளை அமைப்பு அப்படி மாப்ள” என்பார் மாமா. ஆள் மாற மாட்டார், வசனம்தான் மாறும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | செவ்வாய், காலை 10.40

நான் கிறிஸ்தவன் அல்லன். படித்துக்கொண்டே வந்தேன், கை சும்மா இருக்க மறுக்கிறது. இந்த வழக்கு மதுரையில் ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்டதே!

சிலப்பதிகாரப் பதிகமே ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. கோவலனைக் கொல்லச் சொல்கிற இடத்திலும் இளங்கோ சும்மா போகவில்லை. “வினைவிளை காலம் ஆதலின்” பாண்டியன் ஆராயாதவன் ஆனான் என்கிறார். ஆக, காப்பியத்தின் கணக்கில் இது நடக்க வேண்டியிருந்தது. பாண்டியனுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? கூடவே கைகாட்டப் பொற்கொல்லன் வேறு இருக்கிறான்.

சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் அவன் என்ன சொன்னான்? “பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்.” கொல்லன் அந்த வாக்கியத்தில் இருக்கிறான், ஆனால் குற்றவாளியாக இல்லை. “அவன் சொன்னான்” என்று முடியவில்லை, “கேட்ட யான்” என்று முடிகிறது. இலக்கணமே தீர்ப்பு எழுதுகிறது.

இன்னொன்று. கோவலனின் முற்பிறப்புக் கதையை, இது பழைய வினை என்பதை, மதுராபதித் தெய்வம் வந்து சொல்கிறது. எப்போது? எல்லாம் முடிந்த பிறகு. யாரிடம்? இழந்தவளான கண்ணகியிடம். பாண்டியன் காதில் அது விழவே இல்லை.

ஊழும் உங்கள் தேவ சித்தமும் ஒன்றல்ல என்பது தெரியும். ஊழுக்கு முகம் கிடையாது, அதனிடம் யாரும் ஜெபிக்க மாட்டார்கள். அந்த வேறுபாட்டை நீங்கள் பேசுங்கள்.

கீழவெளி வீதி | செவ்வாய், மதியம் 12.05

ஐயா, பூசையில் நெஞ்சில் தட்டிக்கொண்டு “என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே” என்று சொல்கிற போதெல்லாம் இனி பாண்டியன்தான் நினைவுக்கு வருவார். சாமியாரிடம் சொல்ல மாட்டேன்.

ஞாயிறுபள்ளி டீச்சர் | செவ்வாய், மாலை 6.30

ஆசிரியர் ஐயா சொன்ன “யாரிடம், எப்போது” என்பதை வைத்துக்கொண்டு ஆதியாகமத்தை மறுபடி திறந்தேன்.

முதல் சாக்கு ஆதாமுடையது. “என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்” என்கிறான். கை ஏவாளைக் காட்டுகிறது, “தேவரீர் தந்த” என்கிற சொல் மேலே காட்டுகிறது. கோரிப்பாளையம் தம்பியின் மாமா பேசியது இந்த இலக்கணம்.

மறுபக்கம் யோசேப்பு, அண்ணன்மார் குழியில் போட்டு அடிமையாக விற்ற தம்பி. “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்” என்கிற பொருளில் 50:20இல் சொல்கிறான். ஒரே சம்பவம், இரண்டு எண்ணம். தேவன் நினைத்ததால் அண்ணன்மார் நினைத்தது காணாமல் போகவில்லை. இதைச் சொல்கிறவன் குழியில் கிடந்தவன்.

வைகைக்கரை | செவ்வாய், இரவு 8.10

டீச்சர், 45:8ஐ விட்டுவிட்டீர்கள். “நீங்கள் அல்ல, தேவனே என்னை இவ்விடத்துக்கு அனுப்பி” என்று யோசேப்பு அங்கே இன்னும் ஒரு படி மேலே போகிறான். “நீங்கள் அல்ல”! அண்ணன்மாருக்குத் தப்பிக்க வழி அவனே கொடுத்துவிட்டானே.

ஞாயிறுபள்ளி டீச்சர் | செவ்வாய், இரவு 9.45

ஒரு மணி நேரம் யோசிக்க வைத்துவிட்டீர்கள் அண்ணா. 45க்கு முன்னால் 42:21 இருக்கிறது. தம்பி கெஞ்சினதைக் கேட்காமல் போனோமே, அந்தத் துரோகம்தான் நம்மேல் வந்தது என்று அண்ணன்மார் தங்களுக்குள் பேசுகிறார்கள். 44இல் அண்ணன்களில் ஒருவனான யூதா, கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருப்பதாக முன்வருகிறான். “நீங்கள் அல்ல” என்ற சொல் அதற்கு அப்புறம்தான் வருகிறது, அதுவும் அவர்கள் கேட்டு வாங்கியதில்லை.

அதைவிட முக்கியமானது இது. அப்பா யாக்கோபு எகிப்தில் பதினேழு வருடம் இருந்து சாகிறார். அண்ணன்மாருக்குப் பயம் வந்துவிடுகிறது, யோசேப்பிடம் ஆள் அனுப்புகிறார்கள். அப்போது “நீதானே சொன்னாய், நாங்கள் அல்ல, தேவன்தான் அனுப்பினார் என்று” எனச் சொல்லியிருக்கலாம். சாட்சியே யோசேப்புதான். சொல்லவில்லை. 50:17இல் அவர்கள் வாயில் வருவது துரோகம், பாதகம், மன்னிக்க வேண்டும் என்கிற சொற்கள்தான். யோசேப்பு சொன்ன வாக்கியத்தை யோசேப்பிடமே அவர்கள் எடுத்துப் பேசவில்லை.

வைகைக்கரை | செவ்வாய், இரவு 10.20

இதை நான் ஒத்துக்கொள்கிறேன். அப்போஸ்தலர் 2:23இல் பேதுருவும் அப்படித்தான். இயேசு தேவன் நிர்ணயித்த ஆலோசனையின்படியே ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்றவர், அதே மூச்சில் “நீங்கள் கொலைசெய்தீர்கள்” என்கிறார். கேட்டவர்கள் இருதயத்தில் குத்தப்பட்டு “நாங்கள் என்ன செய்யவேண்டும்” என்றார்கள். “அதான் நிர்ணயித்ததாயிற்றே” என்று ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

பீபீகுளம் | செவ்வாய், இரவு 10.31

இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. யார் எப்போது சொல்லலாம் என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். பதிவு செய்துகொள்ளுங்கள்.

பசுமலை | புதன், காலை 5.15

பதிவு செய்துகொண்டேன் தம்பி. எனக்கும் வரவில்லை.

கோரிப்பாளையம்காரன் | சனி, இரவு 9.10

எல்லாவற்றையும் படித்தேன். புதன்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். “மாமா, அந்தக் குருவி வசனத்தை அம்மா சொல்லலாம், நீங்க சொல்லக் கூடாது” என்றேன். “நேத்துப் பொறந்தவன், நீ எனக்கு வேதம் சொல்றியா” என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அத்தைதான் காபி கொடுத்தார்.

இன்று காலை ஆறு மணிக்கு மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அடகுச் சீட்டு. மடிப்பெல்லாம் நைந்து, வியர்வையில் தேதி கலங்கியிருந்தது. “அக்கா, சூதாடித்தான் விட்டேன்” என்றார். வசனம் எதுவும் வரவில்லை. அம்மாவும் ஆமென் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேதி காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அசலும் வட்டியும் போட ஆரம்பித்தார்.

ஏலத் தேதி வருகிற 28. அதற்குள் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மாமா தன் பைக்கை விற்கச் சொல்லியிருக்கிறார். மதுரைப் பதிவு எண், ஒரே ஆள் ஓட்டியது, போன மாதம்தான் பின் டயர் மாற்றியது. யாருக்காவது வேண்டுமென்றால் தனி மடலில் சொல்லுங்கள்.